கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும்

சரிப்படுத்துபவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. அழிந்துவரும் இனம் அல்ல, கவலை வேண்டாம். எந்த ஊரில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒருவராவது அகப்படுவார். அவர் குளியலறைக்குப் போய் வெந்நீர்க் குழாயைத் திறப்பார். குழாய்க்குள் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீர் சில்லென்று வரும். அது வடிந்து முடியட்டும் என்று பொறுக்க மாட்டார். இன்னொரு திருகு திருகுவார், அதற்கும் அசையவில்லையே என்று கடைசிவரைக்கும் திருகுவார், பிறகு அலறிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிநின்று, கையை மட்டும் நீட்டி, பச்சைத் தண்ணீர்க் குழாயைக் கடைசிவரைக்கும் திருகுவார். வெளியே வரும்போது பாதி உடம்பு வெந்திருக்கும், பாதி விறைத்திருக்கும். சராசரி சரிதான் என்பார்.

ரசம் வைத்தாலும் இதே கதைதான். உப்பு பத்தவில்லை என்று உப்பு, கரித்துவிட்டது என்று தண்ணீர், சப்பென்றாகிவிட்டது என்று புளி, புளித்துவிட்டது என்று வெல்லம், இனிக்கிறதே என்று மறுபடி உப்பு. இருவருக்கு வைத்த ரசம் ஒரு பந்திக்கு ஆகிவிடும், பந்திக்குத்தான் ஆள் வராது. அடுப்பருகே போய் யாராவது "விட்டுடுங்களேன்" என்று சொன்னால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "இருங்க, கொஞ்சம் கூட்டினா சரியாயிரும்." இதுதான் இந்த இனத்தின் கூவல். இதைக் கேட்டதும் பக்கத்தில் இருப்பவர்கள் கலைந்துபோவது நல்லது.

இவர்களில் பெரும்பாலோர் யாரிடமும் கற்காமல் தாமாகவே தேறியவர்கள். முறையாகப் படித்து, இதிலேயே முனைவர் பட்டமும் வாங்கியவர் ஒருவர் திருச்செங்கோட்டில் இருக்கிறார். பெயர் நவநீதகிருஷ்ணன். ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். அலைகள், அலைவுகள், அவற்றைக் கட்டுப்படுத்தும் கணக்குகள், அந்தக் கணக்குகளைக் கணினியில் துண்டுதுண்டாக வெட்டித் தீர்க்கும் முறைகள் ஆகியவை அவருடைய துறை.

அவருடைய ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயத்தை நீங்கள் படித்திருக்க நியாயமில்லை. வழிகாட்டிப் பேராசிரியரே முழுதாகப் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதில் சொன்ன விஷயம் எளிமையானது. சில அமைப்புகளில் இன்று செய்வதன் பலன் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும். தெரியாத இடைவெளியில் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து நாம் இன்னும் கொஞ்சம் செய்வோம். பிறகு முதலில் செய்ததும் அடுத்துச் செய்ததும் ஒன்றாக வந்து சேரும். மிதமிஞ்சிப் போய்விட்டதே என்று பதறி எதிர்ப்பக்கம் இழுப்போம். அதுவும் தாமதமாகத்தான் வரும். இப்படியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடி, ஆட்டம் ஒவ்வொரு முறையும் பெரிதாகும். மருந்து என்ன? குறைவாகச் செய், பொறுத்திரு. இதை அவர் எண்பது பக்கச் சமன்பாடுகளில் நிறுவியிருந்தார். ஆண்டுதோறும் வகுப்பில் கையை ஊஞ்சல் போல ஆட்டிக்காட்டி நடத்துவார். பிள்ளைகள் பரீட்சையில் தவறாமல் எழுதுவார்கள். நடத்திவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஏசி ரிமோட்டைத் தேடுவார். அவருடைய மனைவி பிரவீனா அதை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்திருப்பார்.

பிரவீனாவின் தம்பி தமிழரசு நாமக்கல்லில் மோகனூர் ரோட்டில் முட்டைக் கோழிப்பண்ணை நடத்துகிறான். அக்காவின் கணவர்மேல் அவனுக்கு இருந்த மரியாதை சாதாரணமானதல்ல. தீவனம் இறக்க வரும் லாரிக்காரர்களிடம்கூட, "எங்க மாமா டாக்டருங்க. ஊசி போடற டாக்டரு இல்லீங்க, அதுக்கும் மேல," என்பான். அவன் இந்த வருஷம் புதிதாக ஒரு குஞ்சுக் கொட்டகை கட்டினான். பொரித்த கையோடு வரும் குஞ்சுக்கு முதல் வாரம் தாய்க்கோழியின் இறக்கைக்கு அடியில் இருப்பது போலச் சீரான சூடு வேண்டும். பழைய கொட்டகையில் தமிழரசும் அவன் மனைவி ரஞ்சனியும் முறைவைத்துக் கண் விழித்து, ஹீட்டரை ஏற்றியும் இறக்கியும் சமாளித்தார்கள். போன தை மாதம் ரஞ்சனி நின்றபடியே தூங்கி, காற்றுக்கு மறைப்பாகத் தொங்கிய படுதாவைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாள். நெற்றியில் இன்னும் தழும்பு இருக்கிறது.

"இதைக் கம்ப்யூட்டரே பாத்துக்கற மாதிரி பண்ண முடியுங்களா மாமா?" என்று தமிழரசு கேட்டது அதற்கப்புறம்தான்.

நவநீதகிருஷ்ணனுக்குத் தன் ஆராய்ச்சியைப் பற்றி உலகத்தில் ஒருவராவது தாமாக வந்து கேட்பார் என்று காத்திருந்து தலை நரைத்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அது ஒண்ணும் பெரிய விசயமில்ல மாப்ள," என்றார்.

குஞ்சு வருவதற்கு முதல்நாளே போய் எல்லாவற்றையும் பொருத்தினார். தரையில் நெல் உமி பரப்பி, நடுவே வரிசையாக ஹீட்டர்கள் தொங்கின. குஞ்சுகள் வெளியே ஓடிவிடாமல் சுற்றிலும் முழங்கால் உயரத் தகர வளையம். வெப்பத்தை அளக்கும் சென்சார்களை வளையத்துக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார். தீவன மூட்டைகளை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைத்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு. அது எந்நேரமும் முப்பத்துமூன்று டிகிரியில் நேராகப் போக வேண்டும். கீழே இறங்கினால் ஹீட்டர் ஏறும், மேலே போனால் ஹீட்டர் இறங்கும், எவ்வளவு வேகமாக ஏறி இறங்க வேண்டும் என்பதற்கு ஓர் எண். அந்த எண் மட்டும் நவநீதகிருஷ்ணனின் விரலுக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அதுதான் வினை.

சனிக்கிழமை விடியலில் வேன் வந்தது. பெட்டி பெட்டியாக ஐயாயிரம் குஞ்சுகள். ரஞ்சனியும் தமிழரசும் வளையத்துக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து, கைநிறைய அள்ளி, அலகைத் தண்ணீரில் தொட்டுத்தொட்டு விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உமியின்மேல் மஞ்சள்தூளைத் தூவியது போலக் குஞ்சுகள் ஒரே சீராகப் பரவி, சில கொறித்தன, சில அப்படியே தலையைச் சாய்த்துத் தூங்கின. பச்சைக் கோடு நேராக ஓடியது.

"ஒண்ணுகூட கத்தலீங்க மாமா," என்றான் தமிழரசு, கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

ரஞ்சனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "இன்னிக்கு நான் தூங்கிருவனாட்டம் இருக்குதுங்க அண்ணா," என்று அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தியிருக்கலாம். எழுந்து போய், இட்லி சாப்பிட்டுவிட்டு, திருச்செங்கோடு பஸ் ஏறியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் சரிப்படுத்துபவர் ஒருவர் நேராக ஓடும் கோட்டுக்கு முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும்?

முற்பகலில் யாரோ கதவைத் திறந்து மூட, பச்சைக் கோடு ஒரு மயிரிழை கீழே இறங்கியது. விட்டிருந்தால் தானாக ஏறியிருக்கும். அவர் கொஞ்சம் பார்த்தார். ஏறவில்லை. ஹீட்டர் சூடாவதற்கு நேரம் வேண்டும், அந்தச் சூடு உமிவரைக்கும் இறங்க நேரம் வேண்டும், அது மேலே இருக்கும் சென்சாருக்குத் தெரிய இன்னும் நேரம் வேண்டும். இதெல்லாம் அவருக்குத் தெரியாததா? இருந்தாலும் விரல் போய்விட்டது. "கொஞ்சம் கூட்டினா சரியாயிரும்," என்று எண்ணைக் கூட்டினார்.

கோடு ஏறியது. ஏறி, முப்பத்துமூன்றைத் தாண்டி, நிற்காமல் போனது. கணினி ஹீட்டரை வெடுக்கென்று அணைத்தது. கோடு இறங்கியது, இறங்கி, இந்தப் பக்கம் தாண்டியது. கணினிக்குக் கண்டிப்பு போதவில்லை என்று அவருக்குத் தோன்றியது. மறுபடி கூட்டினார். மதியத்துக்குள் பச்சைக் கோடு நேர்கோடாக இருந்த காலம் மறந்துபோய், பாம்பு நெளிவது போல நெளிய ஆரம்பித்தது.

குஞ்சுகளுக்குத் திரை தெரியாது, சூடு தெரியும். சூடு ஏறியதும் ஐயாயிரமும் ஹீட்டரை விட்டு விலகித் தகரத்தை நோக்கி ஓடின. குளிர்ந்ததும் நடுவுக்கு ஓடிவந்தன. மஞ்சள் நிறம் நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்கும் போய்ப்போய் வந்தது.

"குஞ்சுக அலையுதுங்க மாமா," என்றான் தமிழரசு.

"ஆமா மாப்ள, அலைதான்," என்றார் நவநீதகிருஷ்ணன்.

அவர் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் கரும்பலகையில் வரைந்த அலை இப்போது அவர் கண்முன்னால் கால் முளைத்து ஓடியது. போனை எடுத்து வீடியோ பிடித்தார். பிறகு லேப்டாப்பின் இன்னொரு ஜன்னலில், கொட்டகைத் தரையைச் சின்னச்சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை குஞ்சுகள் இருக்கும் என்று கணக்குப்போடும் ஒரு நிரலை எழுத ஆரம்பித்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது போகவில்லை. நிரல் முதலில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு காலத்தை அதிகம் தாவித்தாவிக் கணக்கிட்டதாலோ என்னவோ விடைகள் எகிறின. ஒரு கட்டத்தில் வடகிழக்கு மூலையில் கழித்தல் நானூறு குஞ்சுகள் இருந்தன. அதையும் சரிப்படுத்த உட்கார்ந்தார்.

"மாமா, ஹீட்டரைக் கொஞ்ச நேரம் கையில போட்டுக்கட்டுங்களா?" என்று தமிழரசு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"இரு மாப்ள. இன்னும் ஒரே ஒரு சுத்து. இப்பக் கூட்டினதுக்கு அடங்கிரும்."

தமிழரசு டாக்டர் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. அவனுடைய மரியாதைதான் அன்றைக்குப் பெரிய கெடுதல் செய்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் கொல்லிமலைப் பக்கமிருந்து காற்று இறங்கியது. படுதா படபடத்தது. கோடு ஒரு பெரிய பள்ளத்தில் விழுந்தது. கணினி, அவர் கற்றுக்கொடுத்த கண்டிப்போடு, எல்லா ஹீட்டர்களையும் முழுதாக ஏற்றியது. கொஞ்ச நேரத்தில் அத்தனை சூடும் மொத்தமாக வந்து இறங்க, ஐயாயிரம் குஞ்சுகளும் ஒரே பக்கமாகத் தகரத்தை நோக்கிப் பாய்ந்தன. முன்னால் போனவை தகரத்தில் முட்டி நின்றன. பின்னால் வந்தவை நிற்கவில்லை.

ரஞ்சனிதான் முதலில் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வளையத்துக்குள் தாவினாள். "இக்கட்ட வாங்க, இந்தப் பக்கம், அடியில மாட்டிக்கிச்சுங்க," என்றாள். தமிழரசு போனான். நவநீதகிருஷ்ணன் ஒரு நொடி திரையைப் பார்த்தார், ஒரு நொடி குவியலைப் பார்த்தார், பிறகு அவரும் போனார். மூன்று பேரும் இரண்டு கையாலும் மேலிருந்து அள்ளியள்ளித் தள்ளி விட்டார்கள். மேலே இருந்தவை கத்திக்கொண்டு ஓடின. அதற்குக் கீழே இருந்தவை மயங்கிக் கிடந்து, ஊதிவிட்டதும் கண் திறந்தன. அதற்கும் கீழே இருந்தவை கத்தவுமில்லை, கண் திறக்கவுமில்லை. அவர் உள்ளங்கையில் ஒன்று கிடந்தது. சூடு இன்னும் அப்படியே இருந்தது. அதனால் அது உயிரோடிருப்பதாக நினைத்து நெடுநேரம் ஊதிக்கொண்டிருந்தார்.

ரஞ்சனி, கொட்டகை கட்டியவர்கள் விட்டுப்போன ஒரு சாந்துச்சட்டியை எடுத்துவந்து, செத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சட்டி நிறைந்ததும் இன்னொன்று எடுத்துவந்தாள்.

தமிழரசு ஹீட்டரின் சுவிட்சைக் கையால் அணைத்தான். அவன் கத்தவில்லை. "நீங்க போய் சாப்பிடுங்க மாமா. வெடியால இருந்து ஒண்ணுமே சாப்பிடலீங்க," என்றான். மாமனை அடித்திருக்கலாம். அது இதைவிட இலேசாக இருந்திருக்கும்.

நவநீதகிருஷ்ணன் போகவில்லை. தீவன மூட்டையின்மேல் உட்கார்ந்து, உமி ஒட்டிய கைகளைப் பார்த்துக்கொண்டே, "இப்படித்தான் ஆகும்," என்றார்.

ரஞ்சனி நிமிர்ந்தாள். "என்னங்க அண்ணா?"

"தாமதம் இருக்கற எடத்துல கண்டிப்பைக் கூட்டினா ஆட்டம் பெருசாகும். அடங்காது."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"தெரியும்மா. நான்தான் எழுதினேன்."

"பின்ன ஏனுங்க?"

வெளியே படுதா அடித்துக்கொண்டது. அவர் கைகளில் ஒட்டிய உமியைத் தட்டினார். "காயிதத்துல இருக்கறப்பப் பொறுத்துக்கறேன்," என்றார் கடைசியில். "கண்ணு முன்னால நடக்கறப்பக் கை நிக்க மாட்டீங்குது."

தமிழரசு, "இப்ப என்னங்க மாமா பண்றது? ஹீட்டர் இல்லாம உட முடியாது. ரஞ்சனி ரெண்டு நாளா படுக்கலீங்க," என்றான். அவன் கேட்டது இன்னமும் டாக்டரிடம்தான்.

அவர் எழுந்தார். சென்சார்களை அவிழ்த்து, குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டினார். லேப்டாப்பில் இருந்த அந்த எண்ணைக் குறைத்தார். காலையில் இருந்ததற்கும் கீழே, மூன்றாவது அத்தியாயத்தில் போட்டிருந்த அளவுக்குக் கொண்டுபோனார். அவ்வளவு சின்ன எண்ணைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. தமிழரசு சுவிட்சைப் போட்டான்.

கோடு கீழே இருந்தது. ஹீட்டர் மெல்ல, ஏதோ கடனுக்கு எரிவது போல எரிந்தது. குஞ்சுகள் கத்திக்கொண்டு நடுவுக்கு வர ஆரம்பித்தன. கோடு அசையவில்லை. அவர் விரல் ஒருமுறை போய்த் திரும்பியது. இரண்டாவது முறை போனபோது ரஞ்சனி அவர் பக்கம் வந்து, துண்டில் சுற்றிய மயங்கின குஞ்சுகளை அவர் மடியில் வைத்தாள். "இதுகளை நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கங்க அண்ணா. எனக்குக் கை பத்தலீங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த மூலைக்குப் போய்விட்டாள். அவள் பாடம் ஒன்றும் நடத்தவில்லை. நிஜமாகவே கை பத்தவில்லை.

இரண்டு கையாலும் துண்டை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கோடு ஏறியது. முப்பத்துமூன்றைத் தாண்டியது. துண்டுக்குள் ஒன்று அசைந்து அவர் சட்டைப் பொத்தானைக் கொத்தியது. கோடு கொஞ்சம் மேலே போய், யோசித்து, இறங்கியது. இந்தப் பக்கமும் தாண்டியது, முன்னைவிடக் குறைவாக. மறுபடி ஏறியது, அதைவிடக் குறைவாக. வளையத்துக்குள் மஞ்சள் அலையும் அப்படியே ஓரத்துக்குப் போய், பாதிவழி வந்து, கால்வழி போய், தளர்ந்து, எங்கும் பரவி நின்றது. கத்தல் அடங்கி, கொறிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஓர் அலைவு தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போவதை அவர் ஆயிரம் முறை படமாக வரைந்திருக்கிறார். நேரில் பார்ப்பது இதுதான் முதல்முறை. பெருமைப்பட ஒன்றுமில்லை. அவர் எதுவும் செய்திருக்கவில்லை.

ரஞ்சனி சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தமிழரசு அவளுக்குக் கீழே சாக்கை விரித்தான்.

மறுநாள் காலையில் நவநீதகிருஷ்ணன் மண்வெட்டி கேட்டு வாங்கி, தென்னை மரத்தடியில் தானே குழி வெட்டினார். தமிழரசு வெட்டுகிறேன் என்றதற்கு விடவில்லை. தேவைக்குமேல் ஆழமாகவே வெட்டினார். தடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மிச்சக் குஞ்சுகள் தேறி வளர்ந்து, இப்போது முட்டையிடுகின்றன. அடுத்த தடவை குஞ்சு இறங்கியபோது தமிழரசு போன் செய்து, "மாமா, வந்திருங்க. லேப்டாப்பு இங்கியே இருக்குது, நீங்க கைய மட்டும் கொண்டாங்க, குஞ்சு அள்ளறதுக்கு," என்று கூப்பிட்டான். போனார். திரைப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து அள்ளினார். அதற்காக அவர் முற்றிலும் திருந்திவிட்டதாக நினைக்க வேண்டாம். இந்த அனுபவத்தை ஓர் ஆய்வுக் கட்டுரையாக்கி, சும்மா இருப்பதன் நன்மையை ஐம்பது சமன்பாடுகளில் விளக்கி, கோயம்புத்தூர் கருத்தரங்கில் வாசித்தார். தலைப்பில் 'உகந்த கட்டுப்பாடு' என்று இருந்தது. சாந்துச்சட்டிகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. ஆனால் வகுப்பில் மூன்றாவது அத்தியாயம் வந்தபோது, கையை ஊஞ்சலாக ஆட்டத் தூக்கியவர் பாதியில் நிறுத்தி, கையைக் கீழே போட்டுவிட்டார். சாருக்கு மறந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைத்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண், "சார், இது பரீட்சைக்கு வருங்களா?" என்று கேட்டாள்.

"வரும்," என்றார்.

நீங்கள் இப்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவரை நினைத்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். உங்கள் மாமனாராக இருக்கலாம், மேலாளராக இருக்கலாம். சிரியுங்கள். இதைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்னால் யாருக்கோ ஒரு செய்தி அனுப்பினீர்கள் அல்லவா? இடையில் எத்தனை முறை போனை எடுத்துப் பார்த்தீர்கள்? நீலக்குறி விழுந்தும் பதில் வரவில்லை என்று "கோபமா?" என்று இன்னொன்று அனுப்பினீர்களா? அதற்கும் அசையவில்லை என்று "சரி, விடுங்க" என்று மூன்றாவதும் போய்விட்டதா? அவர் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு அஸ்தம்பட்டி சிக்னலில் நின்றிருக்கலாம். முதல் செய்திக்கு எழுதிய நல்ல பதில் பாதியில் இருக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். போனை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்து வையுங்கள்.

இல்லை, எடுக்க வேண்டாம்.